நாற்பது நாள் வராத மெயில்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் வயதில் இளையவனாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எங்கள் இரத்த மையத்தின் கணினி அறையில் குருவுக்கு முப்பத்துநான்கு வயது. பெயர் உமையாள். சீடருக்கு ஐம்பத்தொன்று. பெயர் தங்கப்பழம். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை மேடம் என்பார். தூத்துக்குடியில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

நான் வாசல் கவுண்டரில் இருக்கிறேன். இரத்தம் கேட்டு வருகிறவர்களின் சீட்டை வாங்கிப் பதிந்து, பைக்கு லேபிள் அடித்துக் கொடுப்பது என் வேலை. எனக்கும் கணினி அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அதனால் இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி காதில் விழுந்தது.

தங்கப்பழம் அண்ணாச்சி இருபத்தாறு வருடம் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இரத்த குரூப் பார்த்தவர். அவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கழுத்து கொஞ்சம் நிமிரும். போன வருடம் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. நாள் முழுக்க மேசை முன்னால் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிர்வாகம் அவரிடம் இரண்டு வழி சொன்னது. கணினி அறையைக் கற்றுக்கொண்டு பொறுப்பை எடுக்கலாம், இல்லாவிட்டால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டில் உட்கார்ந்தால் மூன்றே மாதத்தில் கிழவனாகிவிடுவேன் என்று சொல்லி அண்ணாச்சி கணினி அறைக்குள் நுழைந்தார்.

சொல்லிக்கொடுக்க மதுரைத் தலைமை அலுவலகத்திலிருந்து உமையாள் நான்கு மாதத்துக்கு வந்தார். திரும்பிப் போகும்போது அவர் ஒரு கடிதம் தர வேண்டும். இவர் தனியாகப் பார்த்துக்கொள்வார் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அண்ணாச்சிக்கு வேலை நிற்கும். போடாவிட்டால் பொறுப்பு வெளியே ஒரு கம்பெனிக்குப் போய்விடும். இது அண்ணாச்சிக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உமையாள் அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்வார். முதல் வாரம் அண்ணாச்சி ஒரு கட்டளையைக் காட்டி, இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். உமையாள் ஒரு பழைய கணினியை அவர் பக்கம் தள்ளினார்.

"இதுல குடுத்துப் பாருங்க. கெட்டா கெடட்டும்."

அது கெட்டுத்தான் போனது. அதைச் சரிசெய்ய அண்ணாச்சிக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அவருக்கு அந்தக் கட்டளை என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்களிடம் பதினெட்டு இயந்திரங்கள் உண்டு. கொடையாளர் பதிவு, சோதனைக் கூடம், குளிர்பெட்டி அறை, என் கவுண்டர் என்று எல்லா இடத்திலும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அடிக்கடி அப்டேட் வரும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற திருத்தங்கள் அவை. தானாக இறங்கி, தானாக ஏறிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். ஏறியதோ இல்லையோ, காலையில் ஒவ்வொரு இயந்திரமும் பொறுப்பாளருக்கு ஒரு மெயில் போடும்.

பதினெட்டு மெயிலையும் தினமும் படித்து அண்ணாச்சிக்கு அலுத்துவிட்டது. எல்லாம் நலம், நலம், நலம் என்றே வந்துகொண்டிருந்தது. அமைப்பைத் தேடிப் பார்த்தபோது ஒரு வரி கிடைத்தது. பழுது இருந்தால் மட்டும் மெயில் அனுப்பு என்று அதை மாற்றலாம். பதினெட்டிலும் அவரே உட்கார்ந்து மாற்றினார். உமையாள் பார்த்துக்கொண்டிருந்தார், சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

அதன் பிறகு மெயில் வரவில்லை. பத்து நாள் போனது, இருபது நாள் போனது. நாற்பதாவது நாள் அண்ணாச்சி ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து கணினி அறைச் சுவரில் ஒட்டினார். இயந்திரங்கள் பதினெட்டு, நாட்கள் நாற்பது, பழுது பூஜ்யம். கீழே அவருடைய கையெழுத்து. எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். குளிர்பெட்டி அறைக்காரர் ஒருவர், முதுகு போனாலும் அண்ணாச்சிக்குத் தலை ஓடுகிறது என்று கேலி செய்தார். அண்ணாச்சிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மக்ரூனும் நன்றாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் உமையாளிடம் கேட்டுவிட்டார்.

"மேடம், நான் தேறிட்டேனா?"

உமையாள் சுவரில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு என்ன குரூப்புன்னே தெரியாது அண்ணாச்சி. நாளைக்குக் காலையில பாத்துச் சொல்றீங்களா?"

இத்தனை வருடம் இரத்த மையத்துக்கு வேலை செய்கிறவருக்குத் தன் குரூப் தெரியாது என்பதை நான் நம்பவில்லை. அண்ணாச்சி நம்பினார். ஆசையாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் தன் பழைய மேசைக்குப் போனார். வெள்ளைக் கோட்டுப் போட்டு அவரைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. கூடத்தில் வேலை செய்கிறவர்கள் தாமாகவே விலகி இடம் விட்டார்கள். நானும் கவுண்டரில் கூட்டம் இல்லாததைப் பார்த்துப் போய் நின்றேன். அண்ணாச்சி உமையாளின் கையில் ஊசி போட்டு ஒரு குழாய் இரத்தம் எடுத்தார். எடுத்ததைத் தாங்கியில் வைத்துவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்து வேறு மூன்று சிறு குழாய்களை எடுத்தார்.

அது என்ன என்று உமையாள் கேட்டார்.

ஒன்றில் ஏ இரத்தம், ஒன்றில் பி, இன்னொன்றில் ஓ, மூன்றும் முன்பே உறுதியாகத் தெரிந்தவை என்று அண்ணாச்சி விளக்கினார். குரூப் பார்க்கிற மருந்தை முதலில் இவற்றில் விட்டுப் பார்க்க வேண்டும். திரள வேண்டிய ஏ-யும் பி-யும் கட்டியாகத் திரள்கின்றனவா, திரளக் கூடாத ஓ திரளாமல் இருக்கிறதா என்று பார்த்து ஏட்டில் எழுதிய பிறகுதான் வந்தவருடைய இரத்தத்தைத் தொட வேண்டும். இதற்குப் பெயர் கன்ட்ரோல். இருபத்தாறு வருடமும் காலையில் முதல் வேலை அவருக்கு இதுதான்.

உமையாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் மதுரைக்குப் பேச வேண்டியிருக்கிறது, இன்றைக்கு அதை விட்டுவிடுங்கள், தன்னுடையதை மட்டும் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

"அது முடியாது மேடம்."

"மருந்து நேத்து பிரிச்சதுதானே? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து நல்லா இருந்த மருந்து இன்னைக்குச் செத்துப் போயிருக்கலாம். செத்த மருந்துல எந்த ரத்தத்த விட்டாலும் திரளாது. வாரவங்க எல்லாரையும் ஓ குரூப்புன்னு எழுதிக் குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிரலாம்."

"திரளலைன்னா ஓ தானே அண்ணாச்சி?"

"திரள வேண்டியது திரண்டத கண்ணால பாத்த பொறவுதான் மேடம், திரளாததுக்கு அர்த்தம். அதுக்கு முன்னால அது வெறும் ஒண்ணுமில்ல."

கூடத்தில் இருந்தவர்கள் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். உமையாளின் குரல் கொஞ்சம் இறுகியது. கடிதம் எழுத வேண்டிய ஆள் தான்தான் என்று நினைவுபடுத்தினார். ஒரே ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்றும் கேட்டார்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. குழாய்களைத் திரும்பத் தாங்கியில் வைத்தார்.

"நீங்க கடிதத்த எழுதாட்டாலும் போங்க மேடம். கன்ட்ரோல் பாக்காம நான் கையெழுத்துப் போட்டதில்ல. இனியும் போட மாட்டேன்."

அவருக்கு வேலை போனதே என்று நினைத்தேன். ஆனாலும் சொல்கிறேன், அந்த நிமிடம் அந்த மனிதரோடு ஒரே இடத்தில் வேலை செய்வதே எனக்குப் பெருமையாக இருந்தது.

உமையாள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் நோட்டுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, மேசைமேல் குழாய்களுக்குப் பக்கத்தில் விரித்தார். சுவரில் இருந்த தாளின் நகல். இயந்திரங்கள் பதினெட்டு, நாட்கள் நாற்பது, பழுது பூஜ்யம், கீழே கையெழுத்து.

"இதுக்கு எதைத் திரள வச்சுப் பாத்தீங்க?"

அண்ணாச்சி தாளைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்து நேரே கணினி அறைக்குப் போய்விட்டார்.

கண்ணாடித் தடுப்பு வழியாக மீதியை நான் பார்த்தேன். அந்த அறையில் இருந்த இயந்திரத்தைத் திறந்து, உலகத்திலேயே இல்லாத ஒரு அப்டேட்டைக் கொண்டுவரும்படி அதற்குக் கட்டளை கொடுத்தார். அது தேடிப் பார்த்துவிட்டு, பழுது என்று திரையில் சிவப்பாகச் சொன்னது. இப்போது மெயில் வர வேண்டும். பத்து நிமிடம் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. அடுத்ததில் செய்தார், அதிலும் வரவில்லை. கோட்டோடு பதினெட்டு இயந்திரத்துக்கும் போய் வந்தார். முதுகு வலிக்கிறவர் அவ்வளவு நடக்கலாமா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினெட்டில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. காரணம் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அவர் அமைப்பை மாற்றிய மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்தில் மெயிலுக்கான கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள். இயந்திரங்களிடம் பழையதுதான் இருந்தது. எதை அனுப்பினாலும் மெயில் சர்வர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பூஜ்யம் என்று அவர் எழுதிய நாட்களில் இரண்டு இயந்திரங்கள் இடம் நிரம்பி அப்டேட் ஏறாமலே நின்றிருக்கின்றன. அதில் ஒன்று கொடையாளர் பதிவு இயந்திரம். அதற்குள் இருபதாயிரம் பேருடைய பெயரும் நோயும் இருக்கின்றன. யாரும் அதற்குள் நுழையவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அண்ணாச்சி இரண்டையும் சரிசெய்தார், கடவுச்சொல்லை எல்லாவற்றிலும் மாற்றினார். பிறகு சுவரில் இருந்த தாளைக் கிழித்து எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மேடம்?"

"தெரியாது அண்ணாச்சி. எனக்கும்தான் மெயில் வரலை."

மறுநாளிலிருந்து காலை வழக்கம் மாறியது. இதை உமையாள் சொல்லிக்கொடுக்கவில்லை, அதைச் சாட்சியாக நின்று சொல்ல நான் தயார். பரிசோதனைக் கூடத்தில் கன்ட்ரோல் எழுதுகிற அதே மாதிரி நீள ஏடு ஒன்றை அண்ணாச்சி கேட்டு வாங்கினார். காலை எட்டு மணிக்குப் பதினெட்டு இயந்திரமும் இல்லாத ஒரு அப்டேட்டைத் தேடும், கிடைக்காமல் பழுது என்று மெயில் போடும். இவர் உட்கார்ந்து எண்ணுவார். பதினெட்டும் வந்தால் ஏட்டில் கன்ட்ரோல் சரி என்று எழுதுவார். அதன் பிறகுதான் உண்மையான அப்டேட்டுகளைப் பற்றி அடுத்த கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். நலம் என்று வந்த பதினெட்டு மெயில் அலுத்துப்போய் நிறுத்தியவர், இப்போது கெட்டுவிட்டது என்று வருகிற பதினெட்டு மெயிலுக்காகப் பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கேலி செய்தேன். அவர் நிமிராமல், பதினாறு என்றார். எண்ணிக்கொண்டிருக்கிறாராம்.

ஒருநாள் உமையாள் அந்த ஏட்டை நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்தையும் படித்தார். ஏட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். மகள் முதல் மார்க் வாங்கிய வீட்டில் அம்மாக்களுக்கு அப்படி இருக்கும்.

அப்படி முப்பத்தொரு நாள் நடந்தது. முப்பத்திரண்டாவது நாள் உமையாளுக்கு இங்கே கடைசி நாள்.

அன்று பதினொரு மணிக்கு மதுரையில் அறங்காவலர் கூட்டம். எங்கள் மையத்தின் எல்லா இயந்திரங்களும் அப்டேட் ஆகியிருக்கின்றன, பழுது ஏதும் இல்லை என்று பொறுப்பாளர் கையெழுத்திட்ட தாள் ஒன்று அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பொது மேலாளர் கிருபாகரன் காலையிலேயே அதைக் கேட்டிருந்தார்.

எட்டரைக்குப் பதினேழு மெயில்தான் வந்திருந்தது. குளிர்பெட்டி அறை இயந்திரத்திலிருந்து வரவில்லை. அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்டேட் எல்லாம் ஏறித்தான் இருக்கிறது, மெயில் மட்டும் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. ஏட்டில் கன்ட்ரோல் தவறியது என்று சிவப்பு மையில் எழுதினார். அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டார். மதுரைக்குப் பதினேழு சரி, ஒன்றைப் பற்றி இப்போது சொல்ல இயலாது என்று எழுதி அனுப்பினார்.

பத்தே காலுக்குக் கிருபாகரன் கூப்பிட்டார். அண்ணாச்சி வேலை செய்துகொண்டே பேசுவதற்காக ஸ்பீக்கரில் போட்டார். அதனால் எனக்கும் கேட்டது.

இயந்திரம் சரியாக இருக்கிறதா இல்லையா என்று மேலாளர் கேட்டார். இந்த நேரத்துக்குச் சரியாக இருக்கிறது என்றார் அண்ணாச்சி. அப்படியானால் பதினெட்டும் சரி என்று எழுதுவதில் என்ன கஷ்டம் என்றார் அவர்.

"நான் பாத்தது இந்த நிமிசம் சார். நேத்து ராத்திரி அது பழுதுன்னு சொல்ல நெனச்சு சொல்ல முடியாமப் போச்சான்னு எனக்குத் தெரியாது. பழுது இல்லைன்னு எப்படி எழுத?"

சோதனைக்காகப் பொய்யாக வரவைக்கிற ஒரு மெயில், அது வரவில்லை என்பதற்காக அறங்காவலர் முன்னால் தான் தலைகுனிய வேண்டுமா என்று மேலாளர் கேட்டார். வெளிக் கம்பெனிக்காரர்கள் எந்த மையத்திலும் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, இன்றைக்கு உங்கள் கடிதமும் இதே கூட்டத்துக்குத்தான் வருகிறது, யோசித்துப் பாருங்கள் என்றார்.

அண்ணாச்சி யோசித்தார். அவர் கை கீபோர்டுமேல் அப்படியே நின்றது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற நாட்களை அவர் கண்முன்னால் பார்த்திருப்பார். ஒரு கையெழுத்துதானே, போட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் கெஞ்சினேன்.

"மதியத்துக்குள்ள காரணத்தக் கண்டுபிடிச்சுருவேன் சார். கண்டுபிடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுதேன். இப்பப் போட மாட்டேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. மேடம் இருக்கிறாரா என்று மேலாளர் கேட்டார். உமையாள் மூலையில் தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து மேசைப் பக்கம் நின்றார். இவர் பேசியதைக் கேட்டீர்களா, இப்படிப்பட்டவரையா தனிப் பொறுப்பில் விடச் சொல்கிறீர்கள், அவசரத்துக்கு ஒரு கையெழுத்து வாங்க முடியாதே என்றார் மேலாளர்.

உமையாள் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். மேசைமேல் வைத்து, அண்ணாச்சியின் பேனாவையே எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டார். தாளை அவர் பக்கம் நகர்த்திவிட்டு ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"முப்பத்தொரு நாள் கையெழுத்துப் போட்டிருக்கார் சார். இன்னைக்குப் போட மாட்டேன்னதைப் பாத்த பிறகுதான் அதையெல்லாம் நான் நம்புறேன்."